பாடத்திலே சூழல், குழாயிலே சேறு!

கோத்தகிரிக்குச் சென்றிருந்தேன், தோழர்களே! கூட்டம் முடிந்து, பனி மூடிய கடைவீதியிலே தேநீர் அருந்தி நின்றபோது மாணவன் ஒருவன் வந்தான். மலைமீதுள்ள கல்லூரியொன்றிலே பயில்பவன்.

"அண்ணா, சுற்றுச்சூழல் பாடத்திலே தேறிவிட்டேன். ஆனால், மழை வந்தால் விடுதிக் குழாயிலே கலங்கல் நீர் வருகிறது. சோதித்தீர்களா என்று கேட்டேன். படிக்க வந்தாயா, சோதிக்க வந்தாயா என்கிறார்கள்" என்றான்.

படிப்பைப் பாதியிலே விட்டு மேடையேறியவன் நான். இந்த உரையாடலை என் நாடகத்திலே எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

சூழல் கல்வி வேண்டுமென்று 1991-இலே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பட்டப்படிப்பிலே அது கட்டாயப் பாடமும் ஆயிற்று. ஏட்டிலே நீர் மாசு. வினாத்தாளிலே நீர் மாசு. விடுதிக் குழாயைப் பற்றி மட்டும் வாய் திறக்கலாகாதாம்! கோத்தகிரியை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்கள் பலவற்றின் தாகம் தீர்ப்பது அக்காட்டின் ஊற்று. ஊற்றின்மீது குறையில்லை. இடையிலே இருக்கும் தொட்டியைத் திறந்து பார்த்தவர் யார்?

கடல் கடந்த செய்தி ஒன்று கேளுங்கள். அமெரிக்காவின் ராலே நகரிலே, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், 1971-இலே எழுந்த போ ஹால் என்ற ஏழடுக்குக் கட்டடத்தை 2023 நவம்பரிலே இழுத்து மூடிற்று. பி.சி.பி. எனும் நச்சுப்பொருள் அங்கே கண்டறியப்பட்டது. புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு அது. அங்கும் உண்மை எளிதிலே வெளிவந்துவிடவில்லை. கட்டடத்தைச் சோதிக்கும் உரிமை கேட்டு வழக்குமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஆயினும், கதவையாவது மூடினார்கள்!

நம் மலைகளிலே நடந்ததென்ன? கொடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகளைப் பழைய பொருள் கடைக்குத் தள்ளியது 2001-இலே அம்பலமாயிற்று. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் 591 பேருக்கு உடன்படிக்கை ஏற்பட்டதோ 2016-இலே! பதினைந்து ஆண்டுகள், தோழர்களே! அதற்குள் எத்தனை பேர் முதுமை எய்தினர்!

நீலகிரியிலே மண்ணும் காத்திராது. 2009 நவம்பர் மழையிலே சரிந்த மண், நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சரிவிலே நிற்கும் விடுதியின் பின்சுவரை, மழைக்கு முன்னே பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு என்ன தடை? செலவு என்பார்கள். தேர்வுக் கட்டணம் வாங்கத் தெரிந்த கைகளுக்கு, நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பத் தெரியாதா? முடிவுத் தாளைத் தேர்வு முடிவு ஒட்டும் பலகையிலேயே ஒட்டட்டும், பெற்றோரும் படிக்கட்டும்.

நீலகிரித் தோழர்களே, அந்த மாணவனைத் தனியே அனுப்பாதீர்கள். நால்வர் துணை செல்லுங்கள். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். கண்ணாடிக் குவளையிலே அந்தத் தண்ணீரை எடுத்துச் சென்று முதல்வரின் மேசைமீது வையுங்கள். சோதனைத் தாள் எங்கே என்று கேளுங்கள்.