பெருக்கினால் 12, கூட்டினால் 7

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பசியாறிவிட்டு எல்லாரும் தெங்கு கிளானா சாலைக்குக் கிளம்பினோம். அக்கா மகன் மட்டும் எழவில்லை. இரண்டாம் படிவம் படிக்கிறான். கணிதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சித்தி, எனக்குக் கணக்கு வராது" என்றான்.

தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முந்தி நின்ற பையன். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பு 'பெம்ஃபக்தோரான்'. எனக்கே வயிற்றைக் கலக்கியது.

நான் 2002-இல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தவள். 2003-இல் முதலாம் படிவத்துக்குப் போனேன். அந்த ஆண்டுதான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. மறு ஆண்டு 'ஃபேக்டரைஸ்' என்ற சொல்லைக் கேட்டு விழித்தேன். கை தூக்கிக் கேட்கக் கூச்சம். கணக்கு நமக்கு வராது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுப் பக்கமே போகவில்லை. வானொலி எனக்குப் பிடித்த வேலைதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரியா என்று நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

அதனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "12-க்குக் காரணிகள் சொல்லுடா."

"1, 2, 3, 4, 6, 12." யோசிக்காமல் சொன்னான்.

"இந்த ஃபக்தோர் அதேதான்."

நிமிர்ந்து பார்த்தான்.

புத்தகத்து எழுத்துக்குப் பதிலாக 'அ' போட்டுக்கொண்டோம். முதலில் (அ + 3), (அ + 4) இரண்டையும் பெருக்கச் சொன்னேன். அ² + 4அ + 3அ + 12 என்று வந்தது. நடுவில் இருப்பதைக் கூட்டினால் அ² + 7அ + 12. "கடைசி எண் 12 எப்படி வந்தது?" "மூனையும் நாலையும் பெருக்கி." "நடுவில் 7?" "கூட்டி." அவ்வளவுதான். காரணிப்படுத்துவது என்பது இதே வழியில் திரும்பி நடப்பது.

அ² + 8அ + 12 கொடுத்தேன். பெருக்கினால் 12 வரும் சோடிகளை எழுதினான்: 1, 12, 2, 6, 3, 4. கூட்டினால் 8 வருவது 2, 6. விடை (அ + 2)(அ + 6). நடுவில் 5 இருந்தால்? சோடிகளின் கூட்டுத்தொகை 13, 8, 7. எதுவும் 5 இல்லை. ஆக, முழு எண்களால் பிரிக்க முடியாது. அதுவும் ஒரு விடைதான், தோல்வி இல்லை.

கழித்தல் குறி வந்ததும் தடுமாறினான். அ² + அ − 12 என்றால் பெருக்கி −12 வர வேண்டும். அப்படியானால் ஓர் எண் கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் இருக்க வேண்டும். கூட்டினால் 1. நாலும் கழித்தல் மூனும். விடை (அ + 4)(அ − 3). சந்தேகம் வந்தால் திரும்பப் பெருக்கிப் பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எட்டுக் கணக்கு போட்டான். மூன்று தப்பு. மூன்றையும் அவனே பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டையும் காரணிகளையும் கையோடு கொண்டுதான் போகிறார்கள். அங்கே பெயர் மாறிவிடுகிறது. அறிமுகமானவரே வேறு பெயரில் வந்து நின்றால் நாமும் முழிக்கத்தானே செய்வோம்?

உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கு வராது என்று சொன்னால், உடனே டியூஷன் தேடாதீர்கள். எந்தச் சொல் புரியவில்லை என்று முதலில் கேளுங்கள். என்னிடம் அன்று யாராவது அதைக் கேட்டிருக்கலாம்.

தெங்கு கிளானா சாலைக்கு நாங்கள் போய்ச் சேர மாலையாகிவிட்டது. வடைக் கடையில் நின்றுகொண்டு, "சித்தி, பெருக்கினா 20, கூட்டினா 9, சொல்லுங்க" என்றான். எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.