வேலியும் பயிரும்: இணைய விளையாட்டுக்களில் மோசடித் தடுப்பு

விதியின்றி விளையாட்டில்லை. எதிரெதிர் நின்று ஆடும் இரு திறத்தாரையும் ஒரே விதி பிணிக்கின்றது என்னும் நம்பிக்கை குலையுமாயின், அங்கு திறமைக்கோ பயிற்சிக்கோ பொருளில்லாது போய்விடும். இணையத்தின் வழியாக உலகெங்கும் ஆடப்பெறும் கணினி விளையாட்டுக்களில், சிறப்பாகத் துப்பாக்கிச்சூட்டு விளையாட்டுக்களில், இந்நம்பிக்கை இன்று பெரிதும் தளர்ந்துள்ளது. எதிரியின் தலையைத் தானே தேடிக் குறிவைக்கும் ‘எய்ம்பொட்’, சுவருக்கப்பால் நிற்பவரைக் காட்டிக்கொடுக்கும் ‘வோல்ஹக்’ ஆகியன மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகின்றன. இவற்றைத் தடுக்கவென ஆட்டக்காரரின் கணினியில் நிறுவப்படும் காவல் மென்பொருள்கள் அத்தொழிலைச் செவ்வனே செய்யவில்லை என்பது ஆட்டக்காரரின் முறைப்பாடு. முறைப்பாடு நியாயமானதே. ஆயின் அது பெரும்பாலும் மென்பொருளின் மீதே பாய்கின்றது. அம்மென்பொருளை வாசலில் நிறுத்திவிட்டுத் தம் கடமை முடிந்ததெனக் கருதும் கம்பனிகளின் மீதன்றோ அது பாய்தல் வேண்டும்!

‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று இதனை ஒதுக்குவோர் உளர். பணம் கொடுத்து வாங்கப்பட்ட பொருள் இது. பரிசுப் பணத்துக்காக ஆடி அதனையே சீவனோபாயமாகக் கொண்டோரும் பலர் உள்ளனர். இவ்வளவு கூறினால் அவர்களுக்குப் போதுமானது.

வால்வ் கம்பனியின் ‘டீம் போர்ட்ரஸ் 2’ என்னும் விளையாட்டின் வரலாறு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2007இல் வெளிவந்து 2011இல் இலவசமாக்கப்பட்ட இவ்விளையாட்டினுள், 2020ஆம் ஆண்டளவிலிருந்து மனிதரால் இயக்கப்படாத தானியங்கிக் கணக்குகள் கூட்டங்கூட்டமாகப் புகுந்தன. அவை நுழைந்த கணத்திலேயே அனைவரையும் சுட்டு வீழ்த்தின. தம்மை வெளியேற்ற முயன்றோரை வாக்கெடுப்பின் மூலம் வெளியேற்றின. 2022 மே மாதத்தில் ஆட்டக்காரர் ஒன்றுதிரண்டு குரலெழுப்பியபோது, பிரச்சினையைத் தாம் அறிவர் என்றும் ஆவன செய்வர் என்றும் கம்பனி ஒரு சிறு அறிக்கை விடுத்தது. நிலைமை சீரடையவில்லை. 2024 யூன் மாதத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவொன்று எழுந்தது. அம்மாத இறுதியிலேயே பெருந்தொகையான பொட் கணக்குகள் நீக்கப்பட்டன. நான்கு ஆண்டுகள் இயலாதிருந்த காரியம் சில வாரங்களில் எவ்வாறு இயல்வதாயிற்று? அந்நான்கு ஆண்டுகளிலும் விளையாட்டினுள் இருந்த கடை ஒரு நாளேனும் மூடப்படவில்லை என்பதை நினைவிற் கொள்வோர்க்கு விடை எளிதிற் புலனாகும்.

மோசடி எவ்வாறு சாத்தியமாகின்றது என்பதை நோக்குமிடத்து, குறை எங்கு தொடங்குகின்றது என்பது தெளிவாகும். விளையாட்டை நடத்தும் சேவையகம், எதிரிகள் எங்கு நிற்கின்றனர் என்ற தகவலை ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணினிக்கும் அனுப்புகின்றது. திரையில் அவர்கள் மறைந்திருப்பினும் கணினியின் நினைவகத்தில் மறைந்திருப்பதில்லை. வோல்ஹக் செய்வதெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட அக்கடிதத்தைப் பிரித்துப் படிப்பதே. ஆகவே காணத்தகாத தகவலை அனுப்பாதிருப்பதே முதற் பரிகாரம். ‘வலோரன்ட்’ விளையாட்டை ஆக்கிய ரயட் கம்பனி 2020இல் இதனைச் செய்து காட்டியது: எதிரி கண்ணிற் படும் நிலையை அண்மிக்கும் வரை அவரது இருப்பிடத்தைச் சேவையகம் வெளியிடுவதில்லை. இதற்குச் சேவையகத்திற் கூடுதலான கணிப்பு வேண்டும். கணிப்புக்குப் பணம் வேண்டும். அச்செலவு கம்பனியினுடையது. ஆட்டக்காரரின் கணினியில் நிறுவப்படும் காவலாளியோ அவரது மின்சாரத்தில், அவரது இயந்திரத்தில், அவரது செலவில் இயங்குபவன். எவ்வழி விரும்பப்படும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இக்காவலாளி இன்று வாசலிலும் நிற்பதில்லை. 2020இல் ரயட்டின் ‘வான்கார்ட்’, 2021இல் அக்டிவிஷனின் ‘ரிக்கோஷே’ எனக் காவல் மென்பொருள்கள் கணினியின் கேர்னல் எனப்படும் கருப்பகுதிக்குள்ளேயே புகுந்துவிட்டன. வான்கார்ட் விளையாட்டுத் தொடங்கும்போதன்றிக் கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்கின்றது. இவ்வாறு ஆழச் சென்றவை ஓரளவு பயன் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. மோசடிக்காரருக்கு அவை செலவை ஏற்றிவிட்டன. ஆயினும் இரண்டாவது கணினியொன்றையும் நினைவகத்தை நேரே படிக்கும் அட்டையொன்றையும் பொருத்தி அவற்றையும் ஏய்ப்போர் உளர். பணம் படைத்த மோசடிக்காரனைத் தடுக்கத் திணறும் ஒரு காவலுக்காக நேர்மையான ஆட்டக்காரன் தன் கணினியின் திறவுகோல் முழுவதையும் ஒப்படைக்கவேண்டியுள்ளது.

ஒப்படைக்கப்பட்ட திறவுகோல் என்னவாயிற்று என்பதற்கும் சான்றுகள் உள. 2013இல் ஈ.எஸ்.ஈ.ஏ. என்னும் அமெரிக்கப் போட்டி அமைப்பின் மோசடித் தடுப்பு மென்பொருளினுள், ஆட்டக்காரரின் கணினிகளைக் கொண்டு அவர்கள் அறியாமலே பிட்கொயின் ஈட்டும் நிரல் இருந்தமை வெளிப்பட்டது. நியூ ஜேர்சி மாநிலம் தொடுத்த நடவடிக்கை அவ்வாண்டின் இறுதியில் 10 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனினும் நேரான உதாரணம் கிடைத்தலரிது. 2016இல் கப்கொம் கம்பனி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ உடன் அனுப்பிய தடுப்பு இயக்கி, எந்நிரலும் கேர்னலுள் நுழைதற்கு வழி திறந்துவிட்டமையால் உடனேயே மீளப்பெறப்பட்டது. 2022இல் ‘கென்ஷின் இம்பக்ட்’ விளையாட்டின் தடுப்பு இயக்கியைக் கப்பம் கோரும் தீநிரற் கும்பலொன்று வைரசுத் தடுப்பு மென்பொருள்களைக் கொல்லும் கருவியாகப் பயன்படுத்தியதை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது. தாக்கப்பட்ட கணினியில் அவ்விளையாட்டு நிறுவப்பட்டிருக்கவேண்டும் என்பதும் இல்லை. நம்பகமான கையொப்பம் பெற்ற அவ்வியக்கி ஒன்றே போதுமாயிருந்தது.

இவையனைத்திலும் கொடியது குற்றமற்றவன் தண்டிக்கப்படுதலாகும். 2010இல் வால்வ் கம்பனியின் காவல் மென்பொருள் ஏறத்தாழ 12,000 பேரைத் தவறாகத் தடைசெய்தது. கம்பனியின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கோரி, அவர்கட்கும் அவர்தம் நண்பர் ஒருவர்க்கும் வேறொரு விளையாட்டை இனாமாக வழங்கினார். 2023 ஒக்டோபரில் ஏ.எம்.டி. கம்பனி தன் வரைபட இயக்கியில் தானே சேர்த்திருந்த ஒரு வசதியை இயக்கியமைக்காகக் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ ஆட்டக்காரர் தடைக்குள்ளாயினர்; அவ்வசதி மீளப்பெறப்பட்டு, தடைகளை நீக்கும் வேலையும் பின்னர் தொடங்கிற்று. 2024 ஒக்டோபரில் நிகழ்ந்ததோ நகைப்புக்குரியது. ரிக்கோஷேயின் குறைபாடொன்றைப் பயன்படுத்தி நேர்மையான ஆட்டக்காரரைத் தடைசெய்வித்ததாக ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். அவரது விளக்கத்தின்படி, மோசடி மென்பொருளொன்றைக் குறிக்கும் சொற்றொடரை எதிராளிக்குச் செய்தியாக அனுப்பினாற் போதும். அது அவர் கணினியின் நினைவகத்திற் பதிய, அதனைக் கண்ட காவலாளி அவரையே கள்ளனெனப் பிடித்துக்கொள்வான். திருடன் என்ற சொல்லை எழுதிய துண்டொன்று ஒருவர் சட்டைப்பையிற் கிடந்தமைக்காக அவரைச் சிறையிலிட்டதற்கு இது ஒப்பாகும். குறைபாடு இருந்ததை அக்டிவிஷன் ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்டோர் சிறுதொகையினரே என்றும், கணக்குகள் மீளளிக்கப்பட்டன என்றும் கூறிற்று. தாம் ஆயிரக்கணக்கானோரை அவ்வாறு வீழ்த்தியதாகக் கூறினார் அதனைச் செய்தவர். இரண்டில் எது உண்மையென அறிதற்குக் கம்பனிக்கு வெளியே நிற்கும் எவர்க்கும் வழியில்லை.

இனித் தொகைகளின் கதை. 2018 யனவரி ஒன்றில் மட்டும் ‘பப்ஜி’ விளையாட்டிலிருந்து 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோசடிக் கணக்குகளைத் தடைசெய்ததாக பற்றில்ஐ நிறுவனம் அறிவித்தது. இத்தகைய எண்கள் வெற்றிப் பட்டியல்களாகவே வெளியிடப்படுகின்றன. ஒரு மாதத்தில் 10 இலட்சம் கள்வர் பிடிபட்ட ஊரிற் காவல் சிறந்தது என்று கூறுவார் உளரோ? தடைசெய்யப்பட்டவன் மறுநாள் வேறு கணக்கோடு திரும்புகின்றான். கட்டணமுள்ள விளையாட்டாயின் அவன் மீண்டும் பணம் செலுத்துகின்றான், அப்பணமும் விற்பனையாகவே பதியப்படுகின்றது. நீதிமன்றங்களை நாடிய கம்பனிகளும் உள. 2024 மே மாதத்தில் எஞ்சின்ஓனிங் என்னும் மோசடி விற்பனையாளருக்கெதிராக அக்டிவிஷனுக்கு 1 கோடி 44 இலட்சம் டொலர் தீர்ப்பளிக்கப்பட்டது. தென்கொரியா 2016இலேயே மோசடி மென்பொருள் ஆக்குவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. இவை வரவேற்கத்தக்கன, ஆயினும் ஆட்டக்காரர் இன்றிரவு ஆடும் ஆட்டத்தை இவை காப்பதில்லை.

அவ்வாட்டத்தைக் காக்கக்கூடியது மனிதரின் கண்காணிப்பு. அது இயலாததென்பாருக்கு வால்வ் கம்பனியே விடையளித்திருந்தது. 2013இல் ‘ஓவர்வோச்’ என்ற பெயரில், அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஐயத்துக்குரிய ஆட்டங்களின் பதிவைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் முறையொன்றை அது ஏற்படுத்தியது. 2023 செப்ரெம்பரிற் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ வெளிவந்தபோது அம்முறை அதில் இடம்பெறவில்லை. அதிகாரபூர்வச் சேவையகங்களில் மனங்கசந்த ஆட்டக்காரர் பலர், தனக்கெனக் கேர்னற் காவல் கொண்ட ஃபேசிற் என்னும் வேற்று நிறுவனத்தின் தளத்தை நாடுகின்றனர். ஒரு கம்பனி விற்ற பொருளை ஆடுதற்கு மற்றொரு கம்பனியின் காவலை நாடும் இந்நிலையை எவரும் வியப்புடன் நோக்குவதுமில்லை.

ஆட்டக்காரர் கோருவன அதிகமில்லை. சேவையகத்திலே தடுக்கக்கூடியதை அங்கேயே தடுத்தல். தடைசெய்யப்பட்டவர்க்குக் காரணத்தைக் கூறுதல். அவரது மேன்முறையீட்டை ஒரு மனிதர் வாசித்தல். தவறென நிறுவப்படின் இழப்பை ஈடுசெய்தல். 2024 ஒக்டோபர் இறுதியிலிருந்து ஸ்டீம் விற்பனைத் தளத்தில், கேர்னலுள் இயங்கும் தடுப்பு மென்பொருளைக் கொண்ட விளையாட்டுக்கள் அதனை விற்பனைப் பக்கத்திலேயே அறிவித்தல் கட்டாயமாக்கப்பட்டது. காவலாளி வீட்டுக்குள் வருகின்றான் என்பதை வாங்குவோர் இப்போது முன்கூட்டியே அறிவர். அவன் கடந்த ஆண்டில் எத்தனை பேரைத் தவறாகப் பிடித்தான், எத்தனை பேரை விடுவித்தான் என்பதை அறிவிக்கும் கட்டாயம் அப்பக்கத்தில் இல்லை.