ஆழத்தில் கற்றது உயரத்துக்கும் பொருந்தும்

தங்கவயல் தமிழர்களாகிய நாம் உயரத்தைவிட ஆழத்தை நன்கு அறிந்தவர்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்த நம் பாட்டன்மார்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பூமிக்குள் இறங்கியே குடும்பத்தை மேலே ஏற்றினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிழைப்புக்கு வழி மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில்தான் என்றாகிவிட்டது. அந்த ரயிலில் போய் வந்து படித்த பிள்ளைகள் இன்று பெங்களூரில் பதினைந்தாவது மாடியிலும் இருபதாவது மாடியிலும் வீடு வாங்குகிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நான் கட்டடக் கலைஞன் அல்லன். சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆண்டர்சன்பேட்டையில் குடியிருப்பவன். கடந்த சில ஆண்டுகளில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசங்களுக்காகப் பெங்களூரின் பல அடுக்குமாடிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் முதலில் காட்டுவது ஒன்றே. அரண்மனை வாசல் போன்ற நுழைவாயில், பளிங்குத் தரை போட்ட வரவேற்புக் கூடம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம். கட்டடத்தின் பெயரோ இத்தாலியிலோ ஸ்பெயினிலோ உள்ள ஏதாவது ஊரின் பெயராக இருக்கும். வெளிச்சுவரில் பாதி கண்ணாடி. "மாமா, பால்கனியில் நின்றால் ஊரே தெரியும் பாருங்கள்" என்று என் அக்காள் மகன் கையைப் பிடித்து அழைத்துப் போனான். தெரிந்தது உண்மைதான். அந்தப் பால்கனியில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார இடமில்லை என்பதும் தெரிந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் திரையை இழுத்து மூடி, விளக்கைப் போட்டு, ஏர் கண்டிஷனரை ஓடவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். ஊரைப் பார்க்க வைத்த கண்ணாடியை மூடிவிட்டுத்தான் உள்ளே இருக்க முடிகிறது என்றால் அந்தக் கட்டடத்தை நல்ல கட்டடம் என்று எப்படிச் சொல்வது?

உயரமான கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் எம்.ஜி. சாலையில் 25 மாடிப் பயனீட்டுக் கட்டடம் 1973இல் எழுந்தபோது அது ஒரு வேடிக்கைப் பொருள். இன்று அதைவிட உயரமானவை நகரின் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கின்றன. கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் நிலத்தின் விலை அப்படி. பழைய லைன் வீடுகளைச் சொர்க்கம் என்று சொல்பவர்கள் கூட்டத்திலும் நான் இல்லை. மூங்கில் தட்டியிலும் தகரத்திலும் தொடங்கிய ஓரறை வீடுகள் அவை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மழையில் ஒழுகிய இரவுகளை அனுபவித்தவர்கள் அதைப் பாட்டாகப் பாட மாட்டார்கள். நம் பிள்ளைகள் அதைவிட்டு வெளியேறியது நல்லதே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே தங்கவயலில், அதே கம்பெனி, மேட்டுப்பாங்கான இடங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களாக்கள் கட்டியது. அகன்ற வராந்தா, உயரமான கூரை, சுற்றிலும் மரம். ஆக, நல்ல வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். யாருக்குக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் காற்றும் நிழலும் அளந்து கொடுக்கப்பட்டன. அன்று நமக்குக் கேள்வி கேட்கும் நிலை இல்லை. இன்று இருபது ஆண்டு வங்கித் தவணை கட்டி வாங்குகிறோம். இன்றாவது கேட்க வேண்டாமா?

எதைக் கேட்பது? அதற்குச் சுரங்கமே நமக்குப் பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. ஆழம் கூடக்கூட நான்கு காரியங்கள் கடினமாகும்: காற்று, தாங்குபலம், தண்ணீர், வெளியேறும் வழி. உயரம் கூடினாலும் இதே நான்குதான்.

முதலாவது காற்று. சுரங்கத்தின் ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று தீர்மானிக்காமல் அங்கே ஓர் ஆள்கூட வேலை செய்ய முடியாது. மாடி வீட்டிலோ மேலே போனால் காற்று தானாக வரும் என்று நினைக்கிறோம். நடுவில் ஒரு நடைக்கூடம், இரு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் என்று கட்டினால், காற்று நுழையும், வெளியேற வழியிருக்காது. மும்பையில் கம்பாலா ஹில் பகுதியில் காஞ்சன்ஜங்கா என்றொரு குடியிருப்பு இருக்கிறது. சார்லஸ் கொரியா வடிவமைத்தது, 1983இல் முடிந்தது, உயரம் 84 மீட்டர், 32 வீடுகள். மும்பையில் கடற்காற்று வருவது மேற்கிலிருந்து. சுட்டெரிக்கும் மாலை வெயிலும் சாரல் மழையும் வருவதும் அதே திசையிலிருந்து. பழைய பங்களாக்கள் அறைகளைச் சுற்றி வராந்தா வைத்து இதைச் சமாளித்தன. கொரியா அந்த வராந்தாவையே வானத்துக்குத் தூக்கிவிட்டார். வீட்டின் மூலையைக் குடைந்து, இரண்டு மாடி உயரத்தில் தோட்டத் திண்ணை போல அமைத்தார். வெயிலும் மழையும் அங்கேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். அது பணக்காரர்களுக்கான கட்டடம்தான். ஆனால் அதிலுள்ள யோசனைக்குப் பளிங்குக்கல் தேவையில்லை. மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்து, ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு நீட்டி, எதிரெதிரே திறப்பு வைத்தாலே பெங்களூர்ச் சீதோஷ்ணத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது தாங்குபலம். தாது வெட்டிய வெற்றிடத்தில் கருங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்த கதை நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. முட்டுக் கொடுத்தும் பாறை வெடித்து உயிர்கள் போயின. அந்த அனுபவத்தின் மேல்தான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்திலிருந்த அதன் இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெளித்தோற்றத்தைப் பார்த்து யாரும் அதைப் பழுதென்று சொல்லியிருக்க முடியாது. மண் பரிசோதனை, அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் இவை பூச்சுக்குள் மறைந்துவிடும். ஆகவே காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து அதை எழுதித் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டம்தான். நம்மவர்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

மூன்றாவது தண்ணீர். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை ஓயாமல் மேலே இறைக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும். மூடியபின் அதுதான் நடந்தது. கோபுர வீட்டிலும் தண்ணீரை ஓயாமல் மேலே ஏற்றியாக வேண்டும். காவேரிக்கும் நமக்கும் பழைய உறவு. சிவசமுத்திரத்தில் அவள் கொடுத்த மின்சாரம் 1902இலேயே தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத்துக்கு 1905இல்தான் கிடைத்தது. அதே காவேரியைத்தான் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மூன்று கட்டமாக இறைத்து, பெங்களூருக்குக் குடிநீராகக் கொண்டு வருகிறார்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, கோடி ரூபாய் வீட்டுக்காரர்களும் டேங்கர் லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தோம். அவ்வாண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவேரித் திட்டம் தொடங்கப்பட்டு நிலைமை ஓரளவு சீரடைந்தது. ஆயினும் கூரை மழைநீரைச் சேமிக்காத, குளித்த நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பாத கட்டடத்தை, அதன் முகப்பு எவ்வளவு அழகாயினும், நல்ல கட்டடம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழகு முகப்போடு முடிவதில்லை.

நான்காவது வெளியேறும் வழி. வெளியேற இரண்டு வழியாவது இல்லாமல் சுரங்கத்தில் ஆளை இறக்கக் கூடாது என்பது விதி. பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். புகை மூட்டத்தில் வழி கிடைக்காமல் ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் உண்டு. ஏழு மாடிக் கட்டடத்திலேயே இந்தக் கதி. நாம் இருபதாவது மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் போன குடியிருப்பு ஒன்றில் தீயணைப்புப் படிக்கட்டில் பழைய சைக்கிள்களும் செருப்பு அலமாரியும் அடைத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பில்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. சுரங்கம் கற்றுத் தராதது அது. லைன் வாழ்க்கை கற்றுத் தந்தது. இந்தக் கோபுரங்களைக் கட்டும் சித்தாளும் மேஸ்திரியும், அங்கே பாத்திரம் துலக்கும் பெண்ணும், வாசலில் நிற்கும் காவலாளியும் யார்? பல இடங்களில் நம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. வேலைக்காரருக்கு ஜன்னல் இல்லாத அறை, அவர்களுக்கென்று தனி லிஃப்ட், டிரைவர் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாத கீழ்த்தளம் என்று வரைபடத்திலேயே எழுதி வைக்கிறார்கள். மேட்டில் பங்களா, பள்ளத்தில் தட்டி வீடு என்று அன்று பிரித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பதினான்காவது மாடியில் வீடு வாங்கும் நம் பிள்ளை, தன் சொந்த ஊர்ப் பெண்மணி வேறு லிஃப்டில் ஏறி வருவதைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது. இதையும் நான் கட்டடக் கலையின் தரம் என்றே சொல்வேன்.

"இதெல்லாம் பெங்களூர்க்காரர்கள் பாடு, நமக்கென்ன" என்று இங்கிருப்பவர்கள் இருந்துவிட வேண்டாம். பெங்களூர்–சென்னை விரைவுச் சாலை நம் பேத்தமங்கலம் பக்கமே போகிறது. ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஓட்டு வீடுகள் இடிபட்டு மாடிகள் ஏறுகின்றன. நாளை இங்கேயும் கோபுரம் வரலாம். அப்போது கேட்க வேண்டியவை இன்னும் அதிகம். கீழே நூற்றிருபது ஆண்டு தோண்டிய வெற்றிடங்கள். அருகே மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகள், காற்றடித்தால் அவற்றிலிருந்து எழும் தூசி. பெங்களூரில் கேள்வி கேட்டுப் பழகினால்தான் இங்கே கேட்க வாய் வரும்.

ஆகையால் வீடு வாங்கப் போகும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாதிரி வீட்டை மாலையில் விளக்கொளியில் பார்க்காதீர்கள். ஏப்ரல் மாதப் பிற்பகலில், ஏர் கண்டிஷனரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். லிஃப்டில் ஏறி, படிக்கட்டில் இறங்கி வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களால் முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். சமையலறையில் நின்று, தாளிக்கிற புகை எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். தண்ணீர்க் கணக்கையும் கட்டுமானக் காகிதங்களையும் வாங்கி, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. சுரங்கத்திலும் பெமல் தொழிற்சாலையிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்களும், சர்வேயர்களும், எலக்ட்ரீஷியன்களும், நாற்பது ஆண்டு கரணை பிடித்த மேஸ்திரிகளும் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேரைக் கொண்டு சங்கம் ஒரு சிறு குழு அமைக்கலாம். வீடு வாங்கும் உறுப்பினர் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து ஆலோசனை சொல்லலாம். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். பொங்கல் விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் முதல் ஆளாக நான் வரத் தயார்.