யார் கொடுத்த நற்சான்று?

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தமிழகத்தின் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில நாள்கள் முன்பு ஒரு மாலையில் ஐந்தாறு பேர் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றனர். கையில் ஒரு துண்டறிக்கை. முற்போக்கு அணியினரின் ஆதரவு பெற்றவர் என்று ஒருவருடைய பெயர் அதில் அச்சாகியிருந்தது. “சாமி, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றனர். அந்த வார்டில் எத்தனை தெருக்குழாய்கள் இருக்கின்றன என்று வினவினோம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டனர். வேட்பாளர் அவர்களோடு வந்திருக்கவில்லை.

அவர்களை நாம் வெறுங்கையோடு அனுப்பியதில் நம் பங்கு மக்கள் சிலருக்கே வருத்தம். முற்போக்கை ஆதரிக்கத் தயங்கும் திருச்சபை ஏழைகளின் திருச்சபையா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

முற்போக்கு என்னும் சொல்லோடு நமக்குப் பகை இல்லை. சாதி இழிவை எதிர்ப்பதும், உழைப்பவருக்குரிய கூலியைக் கேட்பதும், பெண்ணை மன்றத்தில் அமர்த்துவதும் முற்போக்கென்றால், 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து எழுதிய நாள்முதல் நமக்கும் அதில் பங்குண்டு. நாம் எதிர்ப்பது வேறொன்றை. வேட்பாளரிடம் எதையும் கேளாமல், அவருடைய தெருவைப் பார்க்காமல், ஓர் அணியின் பெயரை மட்டும் நெற்றியில் ஒட்டி அனுப்பிவிட்டு, பிறகு அவரைத் திரும்பியே பாராத வழக்கத்தை எதிர்க்கிறோம். வேலைக்குப் போகும் ஓர் இளைஞனுக்குப் பங்குத்தந்தை நற்சான்று எழுதித் தருகிறார். அவன் திருடிவிட்டால் முதலாளி யாரிடம் வந்து கேட்பான்? ஐந்தாண்டுக் காலம் ஊர்ப் பணத்தைக் கையாளப் போகிறவருக்குச் சான்று தந்தவரை மட்டும் எவரும் தேடுவதில்லை.

சென்னையைப் பாருங்கள். மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணி என்ற பெயரோடு நின்றவர்கள் அங்கே மாநகராட்சியின் 200 வார்டுகளில் 178-ஐ வென்றார்கள். 2022 மார்ச் 4-இல் தலித் பெண் ஒருவர் முதன்முறையாகச் சென்னையின் மேயரானார். அந்நாளில் நாமும் மகிழ்ந்தோம். அதை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் பதிவான வாக்குகள் 43.59 விழுக்காடுதான். பாதிக்கு மேற்பட்டோர் வாசற்படியைத் தாண்டவேயில்லை. மேலிருந்து வந்த ஆதரவு அறிக்கைகளுக்குக் குறைவில்லாத நகரத்தில் இது நடந்தது.

மூன்றாண்டுகள் கழித்து 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே பதின்மூன்று நாள்கள் அமர்ந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13-ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. நடைபாதையை விட்டு அகற்றுமாறு நீதிமன்ற ஆணை இருந்தது உண்மையே. எனினும் முற்போக்கு என்ற சொல் அன்று மாளிகைக்குள்ளும் இருந்தது, வெளியே நடைபாதையிலும் கிடந்தது. தேர்தலுக்கு முன் ஆதரவுப் பட்டியல் வெளியிட்டோரில் எத்தனை பேர் தாம் பரிந்துரைத்த உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்களுக்காக நாங்கள் சொன்ன வாக்கு என்னாயிற்று?” என்று கேட்டிருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. சென்னை மேயர் பதவியேற்ற அதே மார்ச் 4-இல் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களுக்கான மறைமுகத் தேர்தல் நடந்தது. கூட்டணித் தோழருக்கு என்று ஒதுக்கிய இடங்கள் சிலவற்றில், தலைமைக் கட்சிக்காரரே போட்டியிட்டு வென்றுவிட்டார்கள். விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய நெல்லிக்குப்பம் அவற்றுள் ஒன்று. குற்ற உணர்வால் குறுகி நிற்பதாக முதலமைச்சர் ஸ்டாலின் அன்றே அறிக்கை விட்டு, வென்றவர்களைப் பதவி விலகச் சொன்னார். அந்த வெட்கம் பாராட்டுக்குரியது. மேலிடத்தின் சான்றுக்கு அவர்தம் உறுப்பினர் தந்த மதிப்பையும் அதே அறிக்கை காட்டிவிட்டது.

பெருநகரத்தின் கதை இருக்கட்டும். நம் ஊருக்கு வருவோம். தென்காசி நகராட்சியில் 33 வார்டுகள். குற்றாலமோ சிறு பேரூராட்சி. ஒரு வார்டின் வாக்குகளைச் சில நூறுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் சாரல் தொடங்கிவிட்டால் அந்தச் சில நூறு பேருடைய பிரதிநிதிகளின் பொறுப்பில் இலட்சக்கணக்கானோர் வந்து குளிக்கிறார்கள். கடை ஏலம், வாகன நிறுத்தக் கட்டணம், கழிப்பறை, குப்பை எல்லாம் அந்தச் சிறு மன்றத்தின் முன் வருகின்றன. குற்றாலத்தில் எறிவதைச் சிற்றாறு தென்காசிக்குக் கொண்டுவந்து தருகிறது. அருவியில் சோப்பும் எண்ணெயும் கூடாதென்று சொல்ல உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரவேண்டியிருந்தது. தனியார் விடுதிகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட வழக்கும் அங்கேதான் போயிற்று. இங்கே முற்போக்காளர் யார் என்று அறிய நீண்ட கொள்கை விளக்கம் தேவையில்லை. விடுதிக்காரரின் குழாயை அடைக்கத் துணிவாரா? சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறதே, அதைத் தம் வார்டில் காப்பாரா? துண்டறிக்கையில் இவற்றுக்கு இடமில்லை. தலைவர்களின் படங்களுக்கு இருந்தது.

பெண்கள் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடங்களை அவர்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் வந்தது. மனைவியின் பெயரில் சான்று, கணவரின் கையில் மன்றம் என்றால் அதற்கு முற்போக்கு முத்திரை குத்துவது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளில் அதற்கும் ஒன்று இருக்கிறது.

நம் வீட்டுக் குறையையும் மறைப்பதற்கில்லை. “நம்மவர் ஒருவர் நிற்கிறார், சாமி” என்று வருகிறவர்கள் பலவேளை ‘கத்தோலிக்கர்’ என்ற பொருளில் அதைச் சொல்வதில்லை, சாதியைச் சொல்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. எனவே அவர்களுக்கென ஒதுக்கிய வார்டில் நிற்கவும் முடியாது. பொது வார்டில் அவரை நிறுத்திப் பரிந்துரைக்க நம் பங்குப் பெரியோர் எத்தனை முறை முன்வந்திருக்கிறார்கள்?

அப்படியானால் திருச்சபை வாய் மூடி இருக்க வேண்டுமா? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு வார்டுப் பிரச்சினை. திருத்தூதர்கள் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. எத்தகையவராக இருக்கவேண்டும் என்று தகுதியைச் சொன்னார்கள். ஆள்களை மக்களே தேர்ந்தார்கள். தேர்ந்த எழுவருள் ஒருவரான ஸ்தேவான் உயிரையே கொடுத்தார் என்பது அடுத்த அதிகாரம்.

குருக்கள் அரசியல் கட்சிகளில் முனைந்து பங்கேற்கலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 287-ஆம் சட்டம் சொல்வது இந்தப் பொருளில்தான் நமக்கு விளங்குகிறது. உலகியல் பொறுப்பு பொதுநிலையினருக்கே உரியது என்பது வத்திக்கான் சங்கத்தின் போதனை. இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவில் வழிபாட்டு மன்றங்கள் வேட்பாளரை ஆதரிப்பதற்கு 1954 முதல் வரிச்சட்டத் தடை இருக்கிறது. 2025 ஜூலையில் அந்நாட்டு வரித்துறை, வழிபாட்டின்போது தம் சபையாருக்குச் சொல்வதை அத்தடை கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கதவு திறந்துகிடந்தும், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ மாட்டோம் என்று அங்குள்ள ஆயர் பேரவை அறிவித்துவிட்டது. பொதுநிலையினரான நீங்களோ தாராளமாக ஆதரிக்கலாம், பெயர் சொல்லலாம், வீடுவீடாகப் போகலாம். சொன்ன பெயருக்கு ஐந்தாம் ஆண்டு வரை பிணை நில்லுங்கள் என்பதே எம் வழக்கு.

2022-இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. மீண்டும் துண்டறிக்கையோடு வாசலுக்கு வருவார்கள். வரட்டும், நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, வேட்பாளரை அழைத்துவரச் சொல்வோம். வேட்பாளர் பெண்ணாக இருந்தால் அவரே உள்ளே வந்து பேசட்டும். கணவர் சற்றுநேரம் வேப்பமரத்தடியில் காத்திருக்கலாம்.