பூட்டா, முத்திரையா?

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

ஓலையிலிருந்து தாளுக்கு வந்தோம். தாளிலிருந்து இன்று கோப்புக்கு வந்து நிற்கிறோம். சாதிச் சான்று, பட்டா, சம்பளச் சீட்டு என யாவும் இப்போது பி.டி.எஃப். என்னும் மின்தாளாகவே நம் கைக்கு வருகின்றன. 1993-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் வெளியிட்ட இம்முறை, 2008-இல் உலகத் தர அமைப்பின் பொதுத் தரமாகவும் ஆயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்தும் வரியும் இடம் மாறாமல் தோன்றும் என்பதே இதன் சிறப்பு. ஆனால், இம்மின்தாளுக்குப் போடப்படும் பூட்டைப் பற்றி நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

பூட்டு இருவகைப்படும். கடவுச்சொல் தந்தால்தான் கோப்பே திறக்கும் என்பது முதல் வகை. இணையத்தில் பெறும் ஆதார் கோப்பு இத்தகையது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அதன் திறவுகோல். பிறர் கையில் சிக்கினாலும் எளிதில் படித்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. இதனை நான் குறை கூறவில்லை.

இரண்டாம் வகையோ விந்தையானது. கோப்பு திறக்கும், படிக்கலாம். ஆனால் அச்சிடாதே, படியெடுக்காதே, ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்காதே என்று தடுக்கும். உண்மையில் இது பூட்டே அன்று, அறிவிப்புப் பலகை. திறந்து காட்டும் மென்பொருள் அந்தக் கட்டளையை மதித்தால் தடை உண்டு, மதிக்காவிட்டால் இல்லை. வல்லவனை இது தடுப்பதில்லை; விவரம் அறியாத எளியவனை மட்டுமே தடுக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என வயல்களெல்லாம் ஆலைகளாயின. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டே சாட்சி. வங்கிக் கடனா, அடுத்த வேலையா, வருங்கால வைப்பு நிதியில் சிக்கலா? அதைத்தான் கேட்பார்கள். என் அக்காளும் ஓர் ஆலையில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். ஓராண்டுச் சீட்டுகள் ஒரே கோப்பாக வந்தன. வங்கி கேட்டதோ கடைசி மூன்று மாதங்கள் மட்டும். அச்சிடவும் பக்கம் பிரிக்கவும் அக்கோப்பில் தடை. கணினிக் கடைக்காரர், "பூட்டை எடுத்துத் தரும் இணையதளம் இருக்கிறது, ஏற்றிவிடலாமா தங்கச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். வங்கிக் கணக்கு எண்ணும் வைப்பு நிதி எண்ணும் உள்ள தாளை முகமறியாதவர் கணினிக்கு அனுப்புவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு நிகர். முடிவில் அக்காள் ஒரு நாள் விடுப்பெடுத்து ஒப்பந்ததாரர் அலுவலகம் சென்று மூன்று தாள்களை வாங்கி வந்தாள். தன் உழைப்பின் கணக்கைத் தானே பெறுவதற்கு ஒரு நாள் கூலியை இழந்தாள்! இது எந்த வகையில் நியாயம்?

பூட்டை நீக்குவதே குற்றம் என்று சிலர் அஞ்சுகின்றனர். அடோபியின் மின்னூல் பூட்டை நீக்கும் மென்பொருளை ஆக்கியதற்காக டிமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர் 2001 ஜூலையில் அமெரிக்காவில் கைதானார். ஆயினும் அவர் பணியாற்றிய நிறுவனம் குற்றமற்றது என்று 2002 டிசம்பரில் அங்குள்ள நடுவர் குழு தீர்ப்பளித்தது. நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனையே தண்டிக்கிறது. நோக்கமே அளவுகோல். பயிற்றுவிப்பதற்குத் தேவையான அளவில் நூற்பகுதிகளைப் படியெடுக்கலாம் என்று டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் பற்றிய வழக்கில் 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியதும் நினைவுகூரத்தக்கது. இன்னொருவர் எழுதிய நூலுக்கே இவ்வளவு இடமிருக்க, என் பெயரில் உள்ள தாளுக்கு இல்லையா?

"பூட்டு இல்லாவிட்டால் எவரும் திருத்திவிடுவாரே!" எனலாம். திருத்தத்தைக் காட்டிக்கொடுப்பது பூட்டன்று, முத்திரை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுக்கொண்ட மின்கையொப்பமே அம்முத்திரை. கையொப்பத்திற்குப் பின் ஓர் எழுத்து மாறினாலும் சோதனையில் தெரிந்துவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்தாளில் செய்யும் மாற்றங்களைப் பழையதை அழிக்காமல் கோப்பின் இறுதியில் சேர்த்து வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அம்முறையில் சேமித்திருந்தால், கைபேசியில் விரல் பட்டுச் சான்றிதழின் குறுக்கே கோடு விழுந்தாலும் கையொப்பமிட்ட பழைய வடிவத்தை மீட்கலாம். ஆனால் எல்லா மென்பொருளும் அப்படிச் சேமிப்பதில்லை. சில கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிடும். முந்தைய நிலைக்குத் திருப்பும் கட்டளையும் பெரும்பாலும் கோப்பை மூடும் வரைதான் உதவும். மேலும், முத்திரையுள்ள கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்தால் அப்பக்கத்தோடு முத்திரை வராது. ஆகவே மூலத்தைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டுமே வேலை செய்வது அறிவுடைமை.

என் கருத்து இதுதான். ஒருவருக்கு உரிய ஆவணத்தைத் தரும் ஆலைகளும் அலுவலகங்களும், பிறர் திறவாதபடி கடவுச்சொல் வைக்கட்டும். பொய் புகாதபடி முத்திரை வைக்கட்டும். உரியவரே அச்சிடவும் பிரிக்கவும் தடை வைக்க வேண்டாம். சம்பளச் சீட்டை மாதத்திற்கு ஒரு கோப்பாகத் தந்தாலே பாதித் தொல்லை தீரும். நம் கல்லூரியிலும் முதலாண்டு மாணவர்க்கு இவற்றைக் கற்பிக்க ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.

அந்நாளில் தெருவில் எழுத்தறிந்த ஒரு பிள்ளையிடம்தான் ஊரார் கடிதங்களைக் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். இன்று அந்தப் பிள்ளைகள் நாம்தாம். நம்மை நம்பி நீட்டப்படும் கைபேசியில் இருப்பது வெறும் கோப்பன்று, ஒரு குடும்பத்தின் வாழ்வுக் கணக்கு. அதைப் பழுதின்றிக் கையாளக் கற்போம். கற்றதை நம் தெருவுக்கும் சொல்வோம்!