செவியாற் காணும் துணைக்கோள்

துணைக்கோள் எங்குளதென அறிய விரும்பும் மாணவர் இக்காலத்தே கணிப்பொறித் திரையை நோக்கி அமைகின்றனர். பிறர் கணித்ததைப் படித்தலும் தாமே கண்டறிதலும் ஒன்றாகா என்பது எமது துணிபு. பூமிக்கு அணித்தே, ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக ஓடும் சிறு கோள், நம் அடிவானத்தில் எழுந்து மறைதற்குப் பத்து நிமிஷமே செல்லும். நெருங்குங்கால் அதன் ரேடியோ அலையின் அதிர்வெண் உயர்ந்தும், அகலுங்கால் தாழ்ந்தும் தோன்றும்; அது மிக விரைந்து தாழும் கணமே கோள் நம்மை மிக அணுகிய கணம். தக்க வானொலிப் பெட்டியும் கடிகாரமும் இருப்பின் இதனை அளக்கலாம். பொறுமைதான் விலைக்குக் கிட்டாது.

இங்கிலாந்தில் கெட்டரிங் கிராமர் பள்ளியின் பௌதிக ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் அவர்தம் மாணாக்கரும் இவ்வாறே ருஷியக் கோள்களைக் கேட்டுவந்தனர். 1966-ஆம் ஆண்டில் காஸ்மாஸ் 112 என்பதன் பாதை பூமத்திய ரேகைக்கு 72 பாகை சாய்ந்திருத்தலைக் கண்டு, அது வழக்கமான தளத்தினின்று எழுந்ததன்றென ஐயுற்றனர். பின்வந்தவற்றின் பாதைகளையும் வரைந்து, அவை கூடுமிடம் பிளெசெட்ஸ்க் அருகே என உலகிற்குக் காட்டினர். சோவியத் அரசு அத்தளத்தை ஒப்புக்கொண்டதோ 1983-இல்!

பரீக்ஷைக்கென ஊசலை ஆட்டி எண்ணும் நம் மாணவர்க்கும் ஒரு பருவமேனும் இவ்வேலை அளித்தல் வேண்டும். இதற்கு மதிப்பெண் உண்டோ என வினவுவோர் வாராதிருக்கலாம்.