அரியலூர்க் கணக்கு

ஒரு மாற்றத்தைச் செய்யலாமா, தவிர்க்கலாமா என ஆராய்வோர், உந்தும் விசைகளை ஒரு தட்டிலும் தடுக்கும் விசைகளை மறுதட்டிலும் இட்டு நிறுத்துப் பார்ப்பர். முறை நன்றே. ஆயின் எதனை நிறைகோலில் ஏற்றாமலே விட்டனர் என்பதில்தான் பிழை பிறக்கின்றது. பெரம்பலூரும் அரியலூரும் இதற்குச் சான்று.

1995 நவம்பர் முதல் நாள் திருச்சி மாவட்டத்தினின்று பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 சனவரி முதல் நாள் அதனின்று அரியலூர் தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டு மே திங்களில் ஆட்சி மாறியது. 2002 மார்ச்சு 31-இல் அரியலூர் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிக்கப்பட்டது. ஏழாண்டுக்குள் மும்முறை! நட்ட நாற்றை இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி நட்டால் வேர் எங்ஙனம் பிடிக்கும்?

தடுக்கும் விசைகளை நாம் எள்ளவில்லை. புதிய மாவட்டமெனில் ஆட்சியர் முதல் கடைநிலை ஊழியர்வரை பணியிடங்கள் வேண்டும். கட்டடமும் ஊர்தியும் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை 5,65,223. அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களுள் மிகக் குறைந்தது அதுவே. அரியலூரினது 7,54,894. இத்துணைச் சிறு பரப்புக்கு இரு தலைமையிடங்களா என வினவுவோரை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் மறுதட்டில் இருப்பவர் யார்? செயங்கொண்டத்துக்கும் அப்பால் முந்திரிக்காட்டில் கூலிக்கு உழைப்பவர். மாவட்டம் ஒன்றாயிருந்த நாளில், அவர் ஒரு முறையீடு கொடுக்க அரியலூர்வரை வந்து, அதனையும் கடந்து, மேலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றாக வேண்டும். அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. அலுவலர் இல்லையெனில் மறுநாளும் போயிற்று. இவை எக்கருவூலக் கணக்கில் ஏறின? அரசு மிச்சம் பிடித்ததாக எண்ணியது ஏழையின் மடியிலிருந்து எடுத்த காசே.

நிலத்தின் இயல்பும் வேறு. பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையும், மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றையும் பற்றி வாழ்வது. அரியலூரோ இருப்புவழியையும் சுண்ணக்கல்லையும் சீமைக்காரை ஆலைகளையும் பற்றியது. சுரங்கக் குழியும் சரக்குந்துப் புழுதியும் ஆட்சியரின் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். 2022 சனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று அரியலூரிலுள்ளது. மாவட்ட மருத்துவமனைகளைச் சார்ந்து கல்லூரி அமைக்கும் திட்டம் அது. 2002-இன் முடிவே நிலைத்திருப்பின் அக்கல்லூரி அங்கு வந்திருக்குமா?

தடுக்கும் விசைகளுள் வலியது பழக்கமே. 'சில்லா', 'தாலுகா' என்னும் சொற்களை நீக்கினால் ஊரார் குழம்புவர் என்றனர்; இன்று மாவட்டமும் வட்டமும் சிறுவர் வாயிலும் இயல்பாய் வழங்கவில்லையா?

2019, 2020 ஆண்டுகளில் ஆறு மாவட்டங்கள் பிறந்து எண்ணிக்கை 38 ஆயிற்று. குடந்தையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் கேட்கும் குரலோ நெடுநாளாய் ஒலிக்கின்றது. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், ஒவ்வொரு சிற்றூரினின்றும் தலைமையிடத்துக்குள்ள தொலைவு, பேருந்து வசதி, கட்டணம், இழக்கும் கூலி ஆகியவற்றை அளந்து, அரசு முதலில் மக்கள்முன் வைக்கட்டும். பிரித்த மாவட்டத்தை மீளச் சேர்க்க முனையும் ஆட்சியும் இதே கணக்கைச் சட்டமன்றத்தில் காட்டியாக வேண்டும் எனச் சட்டம் செய்யட்டும்.